பரசூட் நடுகையா, வாய்க்கால் தண்ணீரா? பத்துப் பாத்தியில் ஓர் எழுமாற்றுச் சோதனை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சிறுபோகம் அறுத்து முடிந்தால் ஒரு வாக்குவாதம் கிளம்பும். பரசூட் முறையில், அதாவது தட்டில் வளர்த்த நாற்றை வேர் மண்ணோடு வயலில் எறிந்து, நாற்றுப் போட்டவர் தனக்குத்தான் விளைச்சல் கூட என்பார். வீசி விதைத்தவர், "உனக்கு வாய்க்கால் வாயில காணி, கூடாம என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்பார். ஆளுக்கு ஒரு வயல், ஆளுக்கு ஓர் எண். அதை வைத்துக்கொண்டு விடியும்வரை பேசலாம், ஒன்றும் முடிவாகாது.

அந்த வாக்குவாதத்தை ஒழுங்காக நடத்தினால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்த ஆய்வு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. அங்கே வயல் செய்யும் ஒரு போடியார், எனக்கு மாமா முறை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகள். கணக்குப் பார்த்துக் கொடுக்க நான். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வயலும் ஆட்களும் விளைச்சல் எண்களும் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்தவை. பரசூட் முறைக்குச் சார்பாகவோ எதிராகவோ யாரும் இவற்றைத் தூக்கிக் காட்ட வேண்டாம். எழுமாற்றுச் சோதனை என்ற கணக்கு முறையும் அதன் வரலாறும் உள்ளது உள்ளபடி.

பேணிக்குள் போட்ட சீட்டு

ஒரே கிளைவாய்க்காலை ஒட்டி வரிசையாகப் பத்துப் பாத்திகள். ஒவ்வொன்றும் ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர், அதாவது 25 சதுர மீற்றர். வாய்க்கால் வாயில் இருப்பது 1, கடைமடையில் இருப்பது 10. எல்லாவற்றிலும் பிஜி 94-1 நெல், ஒரே அளவு பசளை, விதை நனைத்த நாளும் ஒன்று. ஐந்து பாத்தியில் பரசூட் நடுகை, ஐந்தில் வீச்சு விதைப்பு. எந்த ஐந்தில் எது என்பதில்தான் பேச்சு வந்தது.

"மருமகன், மேல் அஞ்சிலயும் பரசூட்ட வைப்பம். நாத்துத் தட்டெல்லாம் லாண்ட்மாஸ்டர்ல அந்தப் பக்கந்தான் இறக்கிற. மறுகா ஆரு தூக்கிக்கொண்டு அங்கால நடக்கிற?"

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. வயலில் வேலை செய்கிறவர் அப்படித்தான் யோசிப்பார். மகள் விடவில்லை. "இல்லப்பா, சீட்டுக் குலுக்கித்தான் போடோணும்" என்று பத்துத் துண்டுக் கடதாசியில் 1 முதல் 10 வரை எழுதி, கழுவிக் காயவைத்த ரின்பால் பேணிக்குள் போட்டுக் குலுக்கினாள். முதலில் எடுத்த ஐந்து சீட்டுக்கும் பரசூட். வந்தவை 7, 3, 1, 8, 4. மாமா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எட்டாம் பாத்திவரை நடந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

இந்த ஒரு காரியம்தான் பின்னால் வரும் கணக்கு முழுவதையும் தாங்கப்போகிறது.

அறுத்து, அடித்து, தூற்றி, காயவைத்து நிறுத்தபோது கிடைத்தவை, கிலோவில்:

பாத்தி 1: பரசூட், 14.0
பாத்தி 2: வீச்சு, 13.0
பாத்தி 3: பரசூட், 13.6
பாத்தி 4: பரசூட், 13.1
பாத்தி 5: வீச்சு, 12.6
பாத்தி 6: வீச்சு, 12.2
பாத்தி 7: பரசூட், 12.9
பாத்தி 8: பரசூட், 12.4
பாத்தி 9: வீச்சு, 11.9
பாத்தி 10: வீச்சு, 11.8

பரசூட் பாத்திகளின் கூட்டுத்தொகை 66.0, இடை (சராசரி) 13.2. வீச்சுப் பாத்திகளுக்குக் கூட்டுத்தொகை 61.5, இடை 12.3. வித்தியாசம் 0.9 கிலோ. 25 சதுர மீற்றரில் 0.9 என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 146 கிலோ, கிட்டத்தட்ட 7 புசல் நெல். சின்னத் தொகை இல்லை.

மாமாவுக்கு அதோடு கதை முடிந்துவிட்டது. "ஏழு புசல் கூட. வேற என்ன?" மகள் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "தண்ணி குறையக் குறைய நெல்லும் குறையுதுதானே, அப்பா. இதுல பரசூட் எவ்வளவு, வாய்க்கால் எவ்வளவு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் போகுமுன் இன்னொன்று இருக்கிறது: பரசூட் ஒரு மண்ணும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், சீட்டு விழுந்த விதத்தால் மட்டும் 0.9 கிலோ வித்தியாசம் வந்திருக்குமா?

252 குலுக்கல்கள்

பரசூட்டால் எந்தப் பாத்தியிலும் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் சூனியக் கருதுகோள். அது உண்மையானால், முதலாம் பாத்தி என்ன முறையில் நட்டிருந்தாலும் 14.0தான் தந்திருக்கும், பத்தாம் பாத்தி 11.8தான் தந்திருக்கும். பத்து எண்களும் அந்தந்தப் பாத்தியோடு ஒட்டியவை. பேணியிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் அவை அசையாது. அசைவது 'பரசூட்', 'வீச்சு' என்ற பெயர்கள் மட்டும்.

பத்திலிருந்து ஐந்தைத் தெரிய 252 வழிகள் உண்டு. குலுக்கல் நேர்மையாக நடந்தபடியால் 252க்கும் ஒரே வாய்ப்பு. நமக்கு வாய்த்தது அவற்றில் ஒன்று. அப்படியானால் 252 வழிக்கும் வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, எத்தனை வழியில் 0.9 அல்லது அதற்கு மேல் வருகிறது என்று எண்ணினால் போதும். இதுதான் எழுமாற்றுச் சோதனை. மணி வடிவச் செவ்வன் பரம்பல் வேண்டாம், நியம விலகல் வேண்டாம், அட்டவணைப் புத்தகம் வேண்டாம்.

முதலில் பத்து அட்டையில் பத்து எண்ணை எழுதிக் குலுக்கி, ஐந்து ஐந்தாகப் பிரித்துப் பார்த்தோம். வித்தியாசம் 0.2 வரும், அடுத்தது மறைப் பக்கமாக, அதாவது வீச்சுப் பக்கம் கூடி, 0.4 வரும், பிறகு 0.1. சும்மா குலுக்கினாலே அரைக் கிலோ வித்தியாசம் வந்து போவதை மாமா தன் கையாலேயே குலுக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் 7 புசல் பற்றிப் பேசும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. யாருக்காவது இந்தச் சோதனையை விளக்கவேண்டி வந்தால், கணினியைத் திறக்குமுன் அட்டையைக் கையில் கொடுங்கள் என்பேன்.

அப்புறம் முழுவதையும் எண்ணினோம். இதைக் கையாலேயே செய்ய ஒரு வழி இருக்கிறது. பத்து எண்ணின் மொத்தம் எப்போதும் 127.5. ஆகவே ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகை தெரிந்தால் மற்றப் பக்கமும் தெரியும். பரசூட் பக்கம் 66.0 அல்லது அதற்கு மேல் என்பதும், வீச்சுப் பக்கம் 61.5 அல்லது அதற்குக் கீழ் என்பதும் ஒரே செய்தி. பத்து எண்ணில் மிகச் சிறிய ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய், 61.5ஐத் தாண்டும் இடத்தில் நிறுத்தினால் சரி.

மிகச் சிறிய ஐந்து: 11.8, 11.9, 12.2, 12.4, 12.6. கூட்டினால் 60.9. இது வீச்சுப் பக்கமாக விழுந்திருந்தால் வித்தியாசம் 1.14 கிலோ, அதற்கு மேல் எந்தக் குலுக்கலும் போகாது. கடைசி 12.6ஐ எடுத்துவிட்டு 12.9ஐ வைத்தால் 61.2. 13.0ஐ வைத்தால் 61.3. 13.1ஐ வைத்தால் 61.4. அடுத்த எண் 13.6, அதை வைத்தால் 61.9, தாண்டிவிட்டது. இனி 12.4ஐயும் கழற்றி 12.6ஐயும் 12.9ஐயும் வைத்தால் 61.4. 12.6ஐயும் 13.0ஐயும் வைத்தால் 61.5, அதுதான் நம்முடைய குலுக்கல். இதற்கு மேல் எதை மாற்றினாலும் தாண்டிவிடும். ஆக ஆறு வழிகள். ஆறிலும் 11.8, 11.9, 12.2 மூன்றும் வீச்சுப் பக்கத்திலேயே நிற்கின்றன.

252இல் 6 என்றால் 2.4 சதவீதம். இது பரசூட் கூடும் பக்கத்தை மட்டும் பார்த்தது. மாமாவின் கேள்வி 'கூடுமா' என்பதுதான் என்றாலும், பரசூட்டில் விளைச்சல் குறைந்தும் இருக்கலாம். அப்படிக் குறைந்திருந்தால் அதையும் செய்தியாகத்தான் எடுத்திருப்போம். எனவே மறுபக்கத்து ஆறையும் சேர்க்கவேண்டும். இரு பக்கத்திலும் ஐந்து ஐந்து பாத்தி இருப்பதால் மறுபக்கம் கண்ணாடியில் தெரிவது போல அதே ஆறு. மொத்தம் 12. 252இல் 12 என்றால் 4.8 சதவீதம். சரியாகச் சொன்னால் 21இல் ஒன்று. இதுதான் இந்தச் சோதனையின் பீ பெறுமானம்.

இந்த 4.8ஐ, 'பரசூட்டில் பயனில்லை என்பதற்கு 4.8 சதவீத வாய்ப்பு' என்று வாசிக்கிறவர்கள் உண்டு. அது பிழை. பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் குலுக்கலால் மட்டும் வரும் வாய்ப்பு 4.8 சதவீதம். அவ்வளவுதான். பரசூட் நல்லதா என்பதை அந்த எண் தனியே தீர்க்காது.

இரண்டு இடைகளை ஒப்பிட வழக்கமாகச் செய்யும் ரி சோதனையையும் (t-test) மகள் தன் மடிக்கணினியில் செய்து பார்த்தாள். ரி பெறுமானம் 2.53, அதற்கு ஒத்த பீ பெறுமானம் 3.5 சதவீதத்தை ஒட்டி. பக்கத்துப் பக்கத்து விடைகள்தான். வித்தியாசம் எங்கே என்றால், ரி சோதனை இந்த எண்களைச் செவ்வன் பரம்பலிலிருந்து வந்தவையாக நினைத்துக்கொள்கிறது. எண்ணிப் பார்த்த நாம் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை, பேணியைக் குலுக்கியதை மட்டும் நம்பினோம். 4.8 கொஞ்சம் பெரிது என்பதற்காக ரி சோதனையின் 3.5ஐ எடுத்து அறிக்கையில் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

டார்வினின் சோளம், ஈடனின் கோதுமை

பீ பெறுமானம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால், வித்தியாசம் குலுக்கலால் மட்டும் வந்ததல்ல என்று எடுப்பது வழக்கம். எங்கள் இரண்டு விடையும் அந்தக் கோட்டுக்குள்தான். கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு விடை வந்த கதையும் உண்டு. எழுமாற்றாக்கலை, அதாவது சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதை, பயிர்ப் பரிசோதனைக்குள் கொண்டுவந்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர், 1919 முதல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். 1935இல் வெளியிட்ட நூலில் சார்ள்ஸ் டார்வின் வளர்த்த சோளச் செடிகளை எடுத்துக்கொண்டார். அயல்மகரந்தச் சேர்க்கையில் வந்த செடி ஒன்று, தன்மகரந்தச் சேர்க்கையில் வந்த செடி ஒன்று என 15 சோடிகள். பயனில்லை என்று வைத்தால் ஒவ்வொரு சோடியின் உயர வித்தியாசமும் நேராகவும் விழலாம், மறையாகவும் விழலாம். 15 சோடிக்கு 32,768 வழி. ஃபிஷர் எண்ணியபோது டார்வின் கண்ட அளவோ அதற்கு மேலோ 1,726 வழியில் வந்தது: 5.27 சதவீதம். அதே தரவுக்கு ரி சோதனை கொடுத்தது 4.97 சதவீதம். ஒன்று கோட்டுக்கு வெளியே, மற்றது உள்ளே. ஆனால் புத்தியுள்ள யாரும் இவை இரண்டும் வேறு வேறு முடிவு என்று சொல்லமாட்டார். டார்வின் செடிகளை எழுமாற்றாக வைக்கவில்லை என்பதைக் குறையாகக் குறிப்பிட்டவரும் ஃபிஷர்தான்.

எங்கள் நாட்டோடு தொடர்புள்ள பெயர் ஒன்றும் இந்த வரலாற்றில் இருக்கிறது. ரொதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு வேலை செய்த ஈடன் என்பவர் பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களில் பரிசோதனைப் பிழையை அளந்தவர். அவரும் ஃபிராங்க் யேட்சும் 1933இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செவ்வன் பரம்பலில் அமையாத கோதுமை உயர அளவுகளை எடுத்து, ஆயிரம் தடவை எழுமாற்றாக மாற்றி அடுக்கி, ஒவ்வொரு தடவையும் கணக்கைத் திரும்பச் செய்து, செவ்வன் பரம்பலை நம்பிய ஃபிஷரின் சோதனை அந்தத் தரவிலும் நன்றாகவே நிற்கிறது என்று காட்டினார்கள். கணினி இல்லாத காலம். நாங்கள் பத்து அட்டையைக் குலுக்கிக் களைத்ததை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இன்று அந்தச் சிரமம் இல்லை. பத்துப் பாத்திக்கு 252 வழி என்றால் முழுவதும் எண்ணலாம். இருபது பாத்தியைப் பத்துப் பத்தாகப் பிரிக்க 184,756 வழி. அதையும் கணினி நொடியில் முடிக்கும். முப்பது பாத்தியென்றால் 15 கோடியே 51 லட்சத்துக்கு மேல். அங்கே முழுவதும் எண்ணாமல் 9,999 தடவை எழுமாற்றாகக் குலுக்கி, நம்முடைய வித்தியாசத்தை எட்டியவற்றை எண்ணி, அந்த எண்ணிக்கையோடு 1ஐக் கூட்டி 10,000ஆல் வகுத்தால் போதும். கூட்டும் அந்த 1, வயலில் உண்மையாக நடந்த குலுக்கல். அதுவும் வழிகளில் ஒன்றுதானே. பத்தாயிரம் தடவைக்கு 5 சதவீதத்தை ஒட்டிய விடையில் வரும் நியம வழு, அதாவது எல்லா வழியையும் எண்ணாததால் வரும் தளம்பல், 0.2 சதவீதம் அளவில் இருக்கும். எக்செல்லில் பக்கத்து நிரலில் எழுமாற்று எண்ணைப் போட்டு வரிசைப்படுத்தினாலே ஒரு குலுக்கல் ஆகிவிடும்.

மேல் ஐந்தில் வைத்திருந்தால்

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். மேலே எண்ணிய ஆறு வழிகளில் இரண்டாவதைத் திரும்பப் பாருங்கள்: 11.8, 11.9, 12.2, 12.4, 12.9. இவை எந்தப் பாத்திகள்? 10, 9, 6, 8, 7. அதாவது கீழ்ப் பாதி, அப்படியே. மாமா முதலில் கேட்டபடி மேல் ஐந்து, கீழ் ஐந்து என்று பெயரை ஒட்டினால் மேல் ஐந்தின் கூட்டுத்தொகை 66.3, கீழ் ஐந்தின் கூட்டுத்தொகை 61.2, வித்தியாசம் 1.02 கிலோ. பரசூட்டுக்கும் வீச்சுக்கும் உள்ள 0.9ஐ விடப் பெரிது. குலுக்கி எண்ணினால் பீ பெறுமானம் 252இல் 4, அதாவது 1.6 சதவீதம்.

மேல் ஐந்தில் பரசூட் மூன்று, வீச்சு இரண்டு. கீழ் ஐந்தில் பரசூட் இரண்டு, வீச்சு மூன்று. இரு பாதியும் கிட்டத்தட்ட ஒரே கலப்பு. ஆகவே இந்த 1.02இல் பெரும் பங்கு வாய்க்காலுடையது. மாமா தன் வசதிப்படி மேல் ஐந்திலும் பரசூட்டை வைத்திருந்தால், வாய்க்கால் கொடுத்தது முழுவதும் பரசூட்டின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். கணினியில் எத்தனை ஆயிரம் தடவை பெயர்களைக் குலுக்கினாலும் அது தெரியவராது. கணினி 1.6 சதவீதம் என்று சத்தமாகச் சொல்லும், நாங்களும் நம்பியிருப்போம்.

இந்தச் சோதனையைப் படிப்பிக்கிற இடங்களில் போதுமான அளவு சொல்லப்படாத விடயம் இது என்று நினைக்கிறேன். மேசையில் நடக்கும் குலுக்கலுக்கு அதிகாரம் கொடுப்பது வயலில் நடந்த குலுக்கல். வயலில் 252 வழிக்கும் உண்மையாகவே ஒரே வாய்ப்பு இருந்தால்தான், மேசையில் 252ஐயும் ஒரே எடையில் எண்ண எங்களுக்கு உரிமை. வயலில் ஒரே ஒரு வழிதான் நடந்திருக்க முடியும் என்றால், மற்ற 251ஐ எண்ணுவது வெறும் கூட்டல் பயிற்சி. இரண்டு கிராமத்துச் சங்கங்களின் விளைச்சலை ஒப்பிடுகிறவர்களும், விரும்பி வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்து வராத பிள்ளைகளோடு புள்ளியை ஒப்பிடுகிறவர்களும் இதே கணக்கைச் செய்கிறார்கள். செய்யக்கூடாது என்றில்லை. இரண்டு கூட்டமும் வேறுபடுகின்றன என்று அது காட்டும். ஏன் வேறுபடுகின்றன என்பதை அது சொல்லாது.

"அப்ப சீட்டுல பரசூட்டுக்கு 1, 3, 4 எல்லாம் விழுந்ததே, அதுவும் அநியாயந்தானே?" இது மாமா. பரசூட்டுக்கு விழுந்த பாத்தி எண்களைக் கூட்டினால் 23, வீச்சுக்கு 32. மேல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பரசூட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் அந்த அநியாயம் 4.8க்குள் ஏற்கனவே எண்ணப்பட்டுவிட்டது. 252இல் பரசூட்டுக்கு மேல்மடை முழுவதும் கிடைத்த வழியும் இருக்கிறது, கடைமடை முழுவதும் கிடைத்த வழியும் இருக்கிறது. குலுக்கல் சமமாகப் பிரித்துத் தரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு கோணலாகப் பிரிக்கக்கூடும் என்று அளந்து சொல்கிறது.

வாய்க்கால் வாயிலிருந்து கடைமடைக்குப் போகப்போக விளைச்சல் இறங்கும் சரிவை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன என்பதையும் செய்தோம். பரசூட், வீச்சு என்று பார்க்காமல் பத்து எண்ணுக்கும் ஒரு நேர்கோடு போட்டால், பாத்திக்குப் பாத்தி 0.21 கிலோ குறைகிறது. முதலாம் பாத்தியில் கோடு 13.7, பத்தாம் பாத்தியில் 11.8. ஒவ்வொரு பாத்தியும் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்தால், பரசூட் ஐந்தும் மேலே, வீச்சு ஐந்தும் கீழே! பத்தாம் பாத்தி மட்டும் கோட்டைத் தொட்டும் தொடாமலும் கீழே. கோட்டிலிருந்து விலகிய அளவுகளின் இடைகளை ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய அரைக் கிலோ. 0.9இலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் 252 வழியில் இதை எட்டும் வழி நம்முடையதும் அதன் மறுபக்கமும் மட்டும்: 2, அதாவது 0.8 சதவீதம். வித்தியாசம் சிறுத்தது, சான்று பலத்தது. வாய்க்காலின் இரைச்சல் அடங்கினால் பரசூட்டின் சத்தம் சிறிதானாலும் தெளிவாகக் கேட்கிறது.

இந்தக் கணக்கும் செல்லுபடியான எழுமாற்றுச் சோதனைதான். சூனியக் கருதுகோளின் கீழ் கோடும் விலகல்களும் அசையாதவை. ஆனாலும் அறிக்கையில் 12/252ஐத்தான் முதலில் எழுதச் சொன்னேன். வாய்க்கால் சரிவு விதைக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த விடயம், உண்மை. ஆனால் சரிவை நீக்கித்தான் ஒப்பிடப்போகிறோம் என்று யாரும் விதைக்கும் முன் எழுதிவைக்கவில்லை. எண்களைப் பார்த்த பிறகு எந்த அளவையை எடுப்பது என்று தெரிவுசெய்தால், பீ பெறுமானம் தன் அர்த்தத்தை இழக்கத் தொடங்கும். 0.8ஐ இரண்டாவது வரியில், எப்போது யோசித்தது என்ற குறிப்போடு போட்டோம்.

எவ்வளவு கூடும்?

விவசாயப் போதனாசிரியர் வந்து கேட்ட கேள்வி இது. 'கூடுமா' என்பதை விட அவருக்கு 'எவ்வளவு' என்பதுதான் வேண்டும்; நாற்றுத் தட்டுக்கும் கூலிக்கும் காசு போகிறதே.

அதே குலுக்கலைக் கொண்டு இதையும் செய்யலாம். பரசூட் ஒவ்வொரு பாத்திக்கும் 0.1 கிலோ கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரசூட் எண் ஐந்திலும் 0.1ஐக் கழித்துவிட்டுத் திரும்ப 252 வழியையும் எண்ணுங்கள். இப்போது 16 வழி எட்டுகின்றன, 6.3 சதவீதம், 0.1 என்ற ஊகத்தைத் தள்ளிவிட முடியாது. 0.2, 0.3 என்று மேலே போங்கள். 1.8 கிலோவில் 14 வழி, 5.6 சதவீதம், இன்னும் தள்ள முடியாது. 1.9இல் 8 வழி, 3.2 சதவீதம், தள்ளலாம். ஆகவே இந்தத் தரவோடு ஒத்துப்போகும் கூடுதல், பாத்திக்கு 0.1 கிலோ முதல் 1.8 கிலோ வரை. ஏக்கருக்கு மாற்றினால் ஒரு புசலுக்கும் குறைவிலிருந்து ஏறத்தாழ 14 புசல் வரை.

போதனாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு புசல் என்றால் தட்டுக் காசுக்கும் காணாது, 14 புசல் என்றால் முழு வட்டையும் மாறலாம். ஆனால் பத்துப் பாத்தி அவ்வளவுதான் சொல்லும். '7 புசல், பொருட்படுத்தத்தக்க வித்தியாசம்' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். இந்த அகலம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னும் இரண்டு விடயம் சொல்லவேண்டும். ஒன்று, ஒரு பாத்தியின் பசளைத் தண்ணீர் வரம்பால் கசிந்து அடுத்த பாத்திக்குள் போனால், 'இந்தப் பாத்தி எப்படியும் இதைத்தான் தந்திருக்கும்' என்ற அடிப்படையே ஆடிப்போகும். வரம்பை உயர்த்திக் கட்டுவது புள்ளிவிபர வேலையும்தான். இரண்டு, சோதனை பேசுவது இந்தப் பத்துப் பாத்தியைப் பற்றி, இந்தப் போகத்தைப் பற்றி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணல் மண்ணிலோ, அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத் தண்ணீர் தாராளமாகப் பாயும் வயலிலோ என்ன நடக்கும் என்பதற்கு அங்கேயும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்த சிறுபோகத்துக்கான ஏற்பாடு

வாய்க்கால் சரிவு இவ்வளவு பெரிதென்றால், அதைக் குலுக்கலின் போக்கில் விடாமல் முதலிலேயே கட்டிப்போடுவது புத்தி. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளைச் சோடியாக்கி, சோடிக்குள் எது பரசூட் என்பதை மட்டும் நாணயம் சுண்டித் தீர்மானிப்பது. ஒரு சோடியின் இரு பாத்திக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது கணக்கிலும் சோடிக்குள்தான் பெயரை மாற்றவேண்டும். டார்வினின் சோளத்துக்கு ஃபிஷர் செய்தது போல.

இருக்கிற பத்துப் பாத்தியை ஐந்து சோடியாக்கினால் போதுமே என்றார் மாமா. போதாது. ஐந்து சோடிக்கு 32 வழிதான். ஐந்திலும் பரசூட் வென்றாலும் இருபக்கப் பீ பெறுமானம் 32இல் 2, அதாவது 6.25 சதவீதம். நெல் எப்படி விளைந்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே போகவே முடியாத பரிசோதனை அது. விதைக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது. ஆறு சோடியென்றால் 64 வழி, மிகக் குறைந்த பெறுமானம் 3.1 சதவீதம், ஒரு சோடி மாறி விழுந்தாலே சிக்கல். எட்டுச் சோடியில் 256 வழி, மிகக் குறைந்தது 0.8 சதவீதம். எட்டுக்கு ஒத்துக்கொண்டார், பதினாறு பாத்திக்கு வரம்பு கட்ட ஆள் பிடிப்பது தன் பொறுப்பு என்று சொல்லி.

ஒரு கடதாசியில் எல்லாவற்றையும் எழுதி மூவரும் கையெழுத்து வைத்தோம். சோடிகளின் வித்தியாசங்களின் இடைதான் அளவை, வேறு எதுவும் இல்லை. இருபக்கச் சோதனை. நாணயத்தைச் சுண்டுவது மகள், பக்கத்தில் நின்று பதிவது போதனாசிரியர். யானை இறங்குகிற காலத்தில் ஒரு பாத்தி மிதிபட்டால், எந்தப் பாத்தி மிதிபட்டது என்று பார்க்காமல் அந்தச் சோடியின் இரண்டையுமே விட்டுவிடுவது. மிஞ்சும் ஏழு சோடிக்கு 128 வழி. இரண்டு சோடி போனால் 64. மூன்று போனால் கணக்குப் பார்ப்பதில்லை, அடுத்த போகத்துக்குத் தள்ளிவைப்பது.